அரைக்கால் திருப்பு

ஈஸ்டர் பாஸ்கா முடிந்து வந்த வாரத்தில் ஒரு நாள் காலை, கோவில் மணி அடிக்கப் புறப்பட்ட உபதேசியார் சந்தியாகு, எத்தனையோ வருசமாகக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டே இறங்கிப் பழகிய தன் வாசற்படியில் இறங்கி, வழக்கமாகத் தெரு இருக்கும் இடத்தில் அன்றைக்குப் பக்கத்து வீட்டு எருமை நின்றபடியால் அதன் வயிற்றில் முட்டி விழுந்தார். விழுந்தவர் எழுந்து எருமையைத்தான் வைதார். எருமை கட்டின இடத்தில்தான் நிற்கிறது, மாறினது தன் வீடுதான் என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் அவர் மணி அடித்தார், மணிச் சத்தத்துக்கு நாங்கள் எல்லாரும் வெளியே வந்தோம், வந்து பார்த்தால் எங்கள் ஊர் சூசைமேட்டில் ஒரு வாசலும் முந்தின நாள் பார்த்த திசையைப் பார்க்கவில்லை. வட்டத்தை எட்டாக வகுத்தால் அதில் ஒரு பங்கு, சுத்தமாக அரைக்கால், வலப்பக்கம் திரும்பியிருந்தது. சுவரில் விரிசல் இல்லை, ஓடு ஒன்றுகூட நகரவில்லை, உள்ளே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

அது குழாயில் தண்ணீர் வருகிற நேரம். வீடு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, குடம் நிறைய வேண்டாமா? தண்ணீர் பிடித்தோம். பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"தெரசாளைக் கூப்பிடுங்க" என்றார் உபதேசியார். "அரைக்கால்னாலே அது அவ கை."

தெரசாள் யாரென்று சொல்லாமல் மேலே போக முடியாது. கம்பம் டவுனுக்குத் தெற்கே, மலை ஆற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் எங்கள் ஊர்; ஊருக்கு முன்னால் திராட்சைப் பந்தல், ஊருக்குப் பின்னால் திராட்சைப் பந்தல். அந்தப் பன்னீர்த் திராட்சையை இத்தனை காலமும் கூடையில் அடுக்கி லாரியில் ஏற்றிவிட்டு வந்த ஊரில், இன்னாசிமுத்து என்கிற எங்கள் பையன் வடக்கே போய்ப் படித்துவிட்டு வந்து, மலைப் பாறையைக் குடைந்து ஒரு ஒயின் ஆலை வைத்தான். அந்தக் குடைவை நாங்கள் குகை என்போம். சித்திரை வெயிலிலும் அதற்குள் போனால் மார்கழி.

சாதா ஒயின் இல்லை அவன் செய்ய நினைத்தது, நுரை ஒயின். பழம் கனிந்து இனிக்கும் முன்னே, புளிப்பு நிற்கும்போதே பறித்து, தோலின் கறுப்பு இறங்குமுன் பதமாகப் பிழிந்து, ஒரு தரம் புளிக்கவைத்து, தெளிந்ததைக் கனத்த பாட்டிலில் ஊற்றி, அதிலே கொஞ்சம் சீனியும் ஈஸ்ட்டும் போட்டு, சோடா மூடி அடித்து, குகையில் படுக்கவைத்துவிடுவான். உள்ளே அந்த ஈஸ்ட் சீனியைத் தின்னும், தின்று மூச்சு விடும், அந்த மூச்சுக்குப் போக வழியில்லாததனால் ஒயினுக்குள்ளேயே அடங்கி நுரையாகும். தின்ன ஒன்றும் இல்லாதபோது ஈஸ்ட் செத்து மண்டியாகப் படியும். அந்த மண்டியின் மேலேயே ஒயின் வருசக் கணக்கில் படுத்துக் கிடந்தால்தான் ருசி. ஆனால் மண்டியோடு யாருக்கும் ஊற்ற முடியாது, வடிகட்டினால் நுரை போய்விடும். அதனால் மண்டியைப் பாட்டிலின் கழுத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் கலங்காமல். கூரை மாதிரி சாத்தி வைத்த ரெண்டு பலகை, பலகை நிறைய ஓட்டை, ஓட்டைக்கு ஒரு பாட்டில், கழுத்து உள்ளே அடி வெளியே. தினமும் ஒவ்வொரு பாட்டிலையும் சட்டென்று ஒரு வெட்டு வெட்டி அரைக்கால் திருப்பவேண்டும், திருப்பும்போதே அடியை மயிரிழை தூக்கவேண்டும். படுத்துக் கிடந்த பாட்டில் இப்படியே தூக்கித் தூக்கி, கடைசியில் தலைகீழாக நிற்கும்போது மண்டி முழுக்க மூடியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இந்தத் திருப்பு வேலை தெரசாளுக்கு. அவசரக்காரன் கைக்கு மண்டி புகையாகக் கலைந்துவிடும், பயந்தவன் கைக்கு நகராது. தெரசாளுக்கு அவசரமும் இல்லை, பயமும் இல்லை. மாவு ஆட்டுகிறவள் போல ரெண்டு கையிலும் ரெண்டு பாட்டிலைப் பிடித்து, "டக்", "டக்" என்று பலகை முழுக்கப் போய் வருவாள். எந்தப் பாட்டில் எவ்வளவு திரும்பியது என்று தெரிய ஒவ்வொன்றின் அடியிலும் சுண்ணாம்பில் ஒரு கோடு.

அந்தச் சுண்ணாம்பில்தான் தப்பு நடந்தது. பாஸ்காவுக்குப் பிறகு பங்குச் சாமியார் வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது எங்கள் ஊர் வழக்கம். மந்திரித்த வீட்டுக்கு மறுபடி போய் ரெண்டாம் தரம் காப்பி குடிக்கவேண்டி வந்துவிடக்கூடாதே என்று, முடித்த வீட்டின் பின்சுவரில் உபதேசியார் ஒரு கோடு போட்டுக்கொண்டே வருவார். அந்த வருசம் அவர் சுண்ணாம்பு தீர்ந்துபோய், தீர்த்த வாளி தூக்கி வந்த தெரசாளிடம் கேட்க, அவள் குகையிலிருந்து தன் சட்டியையே கொண்டுவந்து கொடுத்து, உபதேசியாருக்குக் குனிய முடியாமல் இடுப்புப் பிடித்ததும் கோட்டையும் தானே போட்டாள். பாட்டிலுக்குப் போடுகிற அதே கோடு, அதே அடிப்பக்கம். மறுநாள் விடியுமுன்னே அந்தத் தடவைப் பாட்டில்களுக்கு முதல் திருப்புத் திருப்பினாள். வீடுகளும் திரும்பின. பாட்டில் மாதிரி உருளவில்லை, வீடு வீட்டுக்குத் தெரிந்த மாதிரி திரும்பியது. இதற்கு மேல் காரணம் எங்களுக்குத் தெரியாது. தேடவும் இல்லை.

கோட்டை அழித்துப் பார்த்தோம். சுண்ணாம்பு போனது, திருப்பு போகவில்லை.

ஒரே ஒரு வீடு மட்டும் அசையவில்லை. தெருக்கோடியில் கித்தேரியின் வீடு. கித்தேரி தெரசாளின் கூடப்பிறந்த தங்கச்சி. தீர்த்த வாளியோடு அக்கா வருவாள் என்பதனாலேயே மந்திரிப்பு நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். மந்திரிக்காத வீட்டுக்குக் கோடு இல்லை. இந்தக் கதவடைப்புக்குக் காரணம் ஊருக்கே தெரியும். தெரசாளின் மகள் விண்ணரசி கைக்குழந்தையாக இருந்தபோது காது குத்தினார்கள். ஊசி பட்டதும் பிள்ளை வீறிட்டது, தட்டோடு நின்ற கித்தேரி தட்டைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு கையையும் நீட்டினாள், தெரசாள் பந்தலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "தள்ளு. மலடி கை பிள்ளை மேல படவேணாம்" என்றாள். கித்தேரி சாப்பிடாமல் வீட்டுக்குப் போனாள், அன்றைக்குச் சாத்தின பேச்சு. இடையில் கித்தேரியின் புருசன் செத்தான், அதற்கும் அக்காவை உள்ளே விடவில்லை. அந்த விண்ணரசிக்கு இப்போது கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

தினம் அரைக்கால், தினம் அரைக்கால். முதல் வாரம் குழப்பம், ரெண்டாம் வாரம் பழக்கம், மூன்றாம் வாரம் இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்றாகிவிட்டது. பிறந்ததிலிருந்து வெயில் பார்க்காத அடுப்படிகளில் காலை வெயில் விழுந்தது, பல்லிகள் கண்ணைக் கூசிக்கொண்டு இடம் மாறின. முப்பாட்டன் காலத்திலிருந்து முதுகு காட்டிக்கொண்டிருந்த வீடுகள் முகம் பார்த்தன. தபால்காரர் கதவு எண்ணை விட்டுவிட்டு, ஆளைக் கூப்பிட்டுக் கேட்கப் பழகினார்.

"ஏப்பா, உங்க வீடு இன்னைக்கு எங்கிட்டுப் பாக்குது?"

"இன்னைக்கு மலையைப் பாக்குது. நாளைக்கு உங்க அடுப்படியைப் பாக்கும், கருவாட்டுக் கொழம்பு வச்சா மறைச்சு வைக்காதீங்க."

குடிகாரர்கள் வீடு தெரியாமல் அலைந்ததற்கு முதல் தடவையாக ஊர் அவர்களைப் பழிக்கவில்லை. வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் தாமாகவே பஸ் ஏறி வந்தார். வந்தவரை உபதேசியார் வீட்டில் உட்காரவைத்து, மூலை பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை மறுபடி பார்க்கச் சொன்னோம். மோர் குடித்துவிட்டு, அடுத்த பஸ் எப்போது என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் சாய்வு வந்தது. பாட்டிலின் அடியைத் தெரசாள் தூக்கத் தூக்க, வீடுகளின் பின்பக்கம் உயர்ந்து வாசல் பக்கம் தணிந்தது. சாப்பாட்டுத் தட்டில் ரசம் ஒருபக்கம் ஒதுங்கியது, கட்டிலின் காலைக் கயிற்றால் ஜன்னலில் கட்டினோம், தொட்டில்கள் தொங்குகிறபடியால் அவற்றுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குள் காணாமல்போன எல்லாமும், ஒளித்துவைத்த எல்லாமும், பைய, தினம் மயிரிழை மயிரிழையாக, வாசலைப் பார்த்து இறங்கி வந்தன. இரவல் வாங்கித் திருப்பாத இடியாப்ப உழக்கு வந்தது. மருமகள் ஒளித்துத் தின்ற கருப்பட்டியும் மாமியார் ஒளித்துத் தின்ற கருப்பட்டியும் ஒரே நாளில் வாசலில் சந்தித்துக்கொண்டன. ஒருத்தர் பல்செட்டு இன்னொருத்தர் வீட்டு நிலைப்படிக்கு வந்து சேர்ந்தது. எப்படி அங்கே போனது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, சம்பந்தப்பட்டவர்கள் வயசைக் கருதி.

சாமான் மட்டும் இறங்கவில்லை. நெஞ்சடியில் படிந்து கிடந்த பேச்சும் கிளம்பி, தினம் கொஞ்சமாகத் தொண்டைக்கு வந்து நின்றது. ஊரே செருமியது. பூசையில் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் செருமுவார், எதிரே ஊர் முழுக்கச் செருமும். நர்சம்மா எல்லாருக்கும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னாள், அவளும் கொப்பளித்தாள்.

இந்தச் சாய்வில்தான் கித்தேரி வீட்டுக்கு மவுசு வந்தது. ஊரிலேயே சமதரை அது ஒன்றுதான்; அவளே பூசி அவளே தேய்த்து எடுத்த சிமெண்ட் தரை, ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். முதலில் ஒருத்தி பால் காய்ச்சச் சட்டியோடு வந்தாள்.

"கித்தேரிக்கா, எங்க வீட்டுல பொங்குற பால் தெருவுல போய்ப் பொங்குதுக்கா."

"வா. பொங்குனா நீதான் தொடைக்கணும்."

அப்புறம் அப்பளம் காயவைக்க வந்தார்கள், கேரம் போர்டு தூக்கிக்கொண்டு வந்தார்கள், கணக்கு வீட்டுப்பாடம் போட வந்தார்கள், பிடரி பிடித்துக்கொண்ட கிழவர்கள் சும்மா நேராகப் படுத்திருக்க வந்தார்கள். ஆடும் தானுமாக ஒரு வார்த்தை செலவழிக்காமல் இருந்தவள், காலையிலிருந்து பொழுது அடையும்வரை ஆள்களை வைது தள்ளினாள். "சமதரைக்கு வாடகை கெடையாது. ஆனா என் வாய்க்கு வரி உண்டு, கட்டிட்டுப் போ" என்பாள். எல்லாரும் கட்டினோம். விண்ணரசியும் வந்தாள், அம்மாவிடம் கேட்காமல். கித்தேரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு பாயை விரித்துப் போட்டாள். அந்தப் பாயில் அந்தப் பிள்ளை தினம் மத்தியானம் தூங்கிவிட்டுப் போகும், ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக யாரும் கேட்கவில்லை. வராதவள் தெரசாள் ஒருத்திதான்.

சாய்வு முற்றி, ஏணி வைத்து அடுப்படிக்கு ஏறுகிற நிலை வந்தபோது, இன்னாசிமுத்து குகைக்குள் வந்து நின்றான். அவன் தெரசாளுக்கு அண்ணன் மகன் முறை.

"அத்தை, நிறுத்திருவமா? ஊரே தொங்குது."

தெரசாள் திருப்புவதை நிறுத்தாமலே சொன்னாள்: "நிறுத்துனா? பாட்டில் கலங்கலாவே நிக்கும், வீடு சாஞ்சாப்லயே நிக்கும். பாதிக் கழுத்துல நிக்கிற மண்டி மேலயும் ஏறாது, வெளியயும் வராது. அதுக்குத்தான் ரெண்டு வருசம் படுக்கப்போட்டமா?"

"கடைசியில பாட்டில் தலைகீழா நிக்கும். அப்ப வீடு?"

"நிக்கும்."

"வாசப்படி மேலயா?"

"நின்னு, நீ மூடியைத் தொறந்ததும் எறங்கும். மூடி தொறக்குறவன் நீதான். ஒன் கை நடுங்காமப் பாத்துக்க."

ஊர்க்கூட்டத்திலும் இதையே சொன்னாள், குரலை உயர்த்தாமல். செருமிச் செருமி யோசித்துப் பார்த்தோம். எல்லார் தோட்டத்துப் பழமும் அந்தப் பாட்டில்களுக்குள் இருந்தது; அதோடு, இறங்க ஆரம்பித்த ஒன்றை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்நேரம் எங்கள் தொண்டைகளுக்கே தெரிந்திருந்தது. முடிக்கச் சொன்னோம். கடைசித் திருப்புக்கு முன்னால் எல்லாரும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கித்தேரி வீட்டு வளவுக்குப் போய்விடுவது என்று முடிவானது. கித்தேரியிடம் கேட்கப் போன உபதேசியாரிடம் அவள், "வர்றவுக வாங்க. ஆனா ஒருத்தி வர்றதா இருந்தா அவ வாயாலேயே கேட்டுட்டு வரணும்" என்றாள். உபதேசியார் அதைத் தெரசாளிடம் சொன்னார். தெரசாள், "நான் குகையிலயே இருந்துக்கிருவேன்" என்றாள்.

ஆனால் விண்ணரசிக்கு வலி நாள் குறித்ததற்கு முன்னாலேயே வந்தது, கடைசித் திருப்பு அன்றைக்குக் காலையிலேயே. மலைக்கு அந்தாண்டை மழை கொட்டி ஆறு பெருகி, கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போகிற தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. நர்சம்மா நனைந்துகொண்டே வந்து, ஏணியில் ஏறி, செங்குத்துக்குக் கிட்டச் சாய்ந்த தரையில் ஒருபக்கமாகச் சறுக்கிக்கொண்டு கிடந்த விண்ணரசியைப் பார்த்தாள்.

"இந்தத் தரையில நான் பிரசவம் பாக்க மாட்டேன். பிள்ளை வழுக்கித் தெருவுக்குப் போயிரும். எனக்குச் சமதரை வேணும்."

"ஆஸ்பத்திரி..."

"பாலம் எறங்குறவரைக்கும் பிள்ளை பொறுக்காது, தெரசா. சமதரை எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரசாள் மகளை ஒரு தோளில் தாங்கிக்கொண்டு மழையில் தெருக்கோடிக்கு நடந்தாள். இன்னொரு தோளை நர்சம்மா தாங்கினாள். கித்தேரி வளவில் அதற்குள் ஊரில் பாதி வந்து, ஆடு கோழி பாத்திரம் பண்டத்தோடு கூரைக்கடியில் ஒண்டியிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. கித்தேரி நிலைப்படியில் நின்றாள்.

தெரசாள் வாயைத் திறந்தாள், செருமல்தான் வந்தது.

கித்தேரி அவளைப் பார்க்கவேயில்லை. கையை நீட்டி விண்ணரசியின் கையைப் பிடித்து, "ஏய், கால் பாத்து வை. தரை ஈரமா இருக்கு. நர்சம்மா, அந்தப் பாய் வேணாம், நடு வீட்டுல புதுசு விரிச்சிருக்கேன்" என்று உள்ளே கூட்டிப்போனாள். பிள்ளையை உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அப்போதுதான் அக்காவைப் பார்த்தாள்.

"பிள்ளைக்குக் கேக்க வேண்டியதில்ல. ஒனக்குக் கேளு."

தெரசாளின் கழுத்து நரம்பு புடைத்தது. எங்கள் எல்லாருக்கும் தொண்டையில் நின்றதுதான் அவளுக்கும் நின்றது, ஆனால் எங்களுக்கு அதை வெளியே தள்ளப் பாட்டில் திறக்கவேண்டியிருந்தது. அவள் எதற்கும் காத்திருக்கவில்லை.

"விண்ணரசி கைப்பிள்ளையில என்கிட்ட அழும்" என்றாள். "பொறந்ததுலருந்து. மார்ல போட்டா அழும், தொட்டில்ல போட்டா அழும். நீ தூக்குனா நிறுத்திரும். பெத்தவ நானு, என் கையில அழுது, ஒன் கையில சிரிச்சா... அன்னைக்கும் நீ கை நீட்டுன ஒடனே அழுகையை நிறுத்திருச்சுடி. தூக்கக்கூட இல்ல, கையைப் பாத்துட்டே நிறுத்திருச்சு. அது பொறுக்காமச் சொன்னேன். ஒன் கைக்குக் கொறை இருந்து சொல்லல. என் வயித்தெரிச்சல்ல சொன்னேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளேயிருந்து விண்ணரசியின் முனகல் கேட்டது.

"எனக்குத் தெரியும்" என்றாள் கித்தேரி. "அது நிறுத்துனதை நானுந்தான பாத்தேன்."

"தெரிஞ்சுமா இத்தனை வருசம்..."

"தெரிஞ்சதுனாலதான். என் கைக்குக் கொறைன்னு நெசமா நம்பிச் சொல்லிருந்தா முட்டாள்னு விட்ருப்பேன்." கித்தேரி நிலைப்படியை விட்டு ஒதுங்கினாள். "வா உள்ள. ஈரத்தை வாசல்லயே உதறு."

தெரசாள் ஒரு காலை உள்ளே வைத்தாள். வைத்தவள் நின்றாள். பொழுது ஏறிக்கொண்டிருந்தது, குகையில் பாட்டில்கள் கடைசித் திருப்புக்குக் காத்திருந்தன. அன்றைக்குத் தவறினால், அத்தனை நாள் கெஞ்சிக் கெஞ்சிக் கழுத்துக்குக் கூட்டி வந்த மண்டி தளர்ந்து உள்ளே சரிந்துவிடும். உள்ளே மகள் கத்தினாள். தெரசாள் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

"என்ன மரமாட்டம் நிக்கிற?"

"திருப்பணும். இன்னைக்குத்தான் கடைசி."

"அப்பப் போ."

"பிள்ளை கத்துதே."

"கத்தத்தான் செய்யும். நான் இருக்கேன், நர்சு இருக்கு." கித்தேரி முந்தானையைச் சொருகிக்கொண்டு கை கழுவ வாளியைத் தூக்கினாள். "போய் ஒன் பாட்டிலத் திருப்பிட்டு வா. வர்றப்ப ஓடிவராத, வழுக்கும்."

தெரசாள் தன் மகளை அந்தக் கைகளில் விட்டுவிட்டு மலையைப் பார்த்து நடந்தாள். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

அன்றைக்கு மத்தியானம் கித்தேரியின் வளவில் நின்றபடி, எங்கள் வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கத்தைத் தூக்கி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்கிற பெண்பிள்ளை மாதிரி கூரை ஓடுகளை ஒருதரம் சிலிர்த்துவிட்டு, வாசல் கீழே பின்சுவர் மேலே என்று நேராக எழுந்து நிற்பதைப் பார்த்தோம். உள்ளே பாத்திரங்கள் சரசரவென்று கதவுக்கு வந்து விழுகிற சத்தம் தெரு முழுக்க ஓடியது. கடைசியாகத் தெரசாளின் வீடு எழுந்து நின்றது. அது நின்ற நேரத்தில்தான் உள்ளே ஒரு அழுகை கேட்டது, கேட்டதும் நின்றது. நர்சம்மா எட்டிப் பார்த்து, "பொம்பளைப் பிள்ளை. கித்தேரி கையில இருக்கு" என்றாள்.

மண்டி எடுக்கிற வேலை மறுநாள். மழை விட்டிருந்தது. ஐஸ் கட்டியும் உப்பும் கொட்டின தொட்டியில் பாட்டில்களின் கழுத்தை மட்டும் தலைகீழாக முக்கி வைத்தார்கள். கழுத்தில் நின்ற மண்டி குச்சி ஐஸ் மாதிரி உறைந்துபோனது. தெரசாள் ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்துக் கொடுக்க, இன்னாசிமுத்து அதை நிமிர்த்தி மூடியைத் தட்டினான். கை நடுங்கவில்லை. உள்ளே ரெண்டு வருசமாக அடங்கிக் கிடந்த மூச்சு, உறைந்த மண்டியை வெடி மாதிரி வெளியே தள்ளியது, கொஞ்சம் ஒயினும் கூடவே போனது, அவன் கட்டைவிரலால் பொத்தினான். கீழே ஊரில் உபதேசியாரின் வீடு "தொம்" என்று நிமிர்ந்து தரையில் உட்கார்ந்தது. கதவு பிளந்து, வீட்டுக்குள் வேண்டாதது எல்லாம் தெருவில் வந்து கொட்டியது. உபதேசியார், எத்தனையோ வருசமாக வாயில் வைத்திருந்ததைச் சாமியாரைப் பார்த்துச் சொன்னார்: "சாமி, நீங்க பாட்டு பாடுறது நல்லாவே இல்ல."

"எனக்குந் தெரியும்" என்றார் சாமியார், செருமல் விட்டுப்போன குரலில். அவர் தங்கியிருக்கிற அறைவீடு அப்போதுதான் இறங்கியிருந்தது.

வெடி, தொம். வெடி, தொம். வீடுகளைவிடப் பாட்டில்கள் அதிகம் என்பதால் சில பாட்டிலுக்கு ஒரு கோழிக்கூடு மட்டும் இறங்கியது, சில பாட்டிலுக்கு ஒரு ஆட்டுக்கல் மட்டும். இறங்க இறங்க அவரவர் தொண்டை திறந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் பேசினதில் ஒரு கல்யாணம் நிச்சயமானது, ஒரு கூட்டுத்தோட்டம் பிரிந்தது, ஒரு கிழவர் தன் மனைவியிடம் சொன்னதைக் கேட்டு அந்த அம்மாள் முதலில் அடித்தாள், அப்புறம் சிரித்தாள். நல்லது கெட்டது ரெண்டும் போயிற்று, ரெண்டும் வந்தது. வீடுகள் பழைய திசைக்கே திரும்பவில்லை; இறங்கும்போது எந்தப் பக்கம் பார்க்கப் பிரியப்பட்டனவோ அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டன, அப்படியேதான் இன்றைக்கும் இருக்கின்றன. தெரசாளின் வீடு ஊர்க் குப்பைமேட்டைப் பார்த்து உட்கார்ந்தது. "நல்ல காத்து வரும்" என்று சொல்லிவிட்டாள்.

இனிமேல் ஒரு வேலைதான் பாக்கி. வெடித்ததில் போன கொஞ்சத்தை நிரப்பி, கார்க்கு அடித்து, மேலே கம்பிக்கூடு மாட்ட வேண்டும். நிரப்புகிற ஒயினில் சீனிப்பாகு எவ்வளவு போடுவது என்பதில்தான் நுரை ஒயினின் குணம் முடிவாகும். நிறையப் போட்டால் விருந்தாளிக்குப் பிடிக்கும், கொஞ்சம் போட்டால் விவரம் தெரிந்தவனுக்குப் பிடிக்கும் என்றான் இன்னாசிமுத்து. ஊர் முழுக்க ஆளாளுக்குக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்துப் பார்த்தது. "நல்லாப் போடுப்பா, இனிப்பா இருந்தாத்தான் ஒரு நிறைவு" என்றார் உபதேசியார். இன்னாசிமுத்து தெரசாளைப் பார்த்தான். தெரசாள், "என் தங்கச்சியைக் கூட்டியா" என்றாள்.

கித்தேரி குகைக்குள் முதல் தடவையாக வந்தாள். துணியில் சுற்றின பச்சைப் பிள்ளை தோளில் தூங்கியது, அதை இறக்கி யாரிடமும் கொடுக்கவில்லை. ஒற்றைக் கையால் கிண்ணத்தை வாங்கி, நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தாள்.

"சீனி வேணாம்" என்றாள்.

"கொஞ்சமாச்சும்?" என்றான் இன்னாசிமுத்து.

"ஒண்ணும் வேணாம். போன எடத்துக்கு இதையே ஊத்து."

"புளிக்குதேடி" என்றாள் தெரசாள்.

"புளிக்கத்தான் செய்யும்." கித்தேரி மிச்சம் இருந்த கிண்ணத்தை அக்காவின் கையில் கொடுத்தாள். "குடிச்சுப் பழகு."